ஃபார்மட் போடும் முன் யோசி!

(இரண்டாம் ஆண்டு டிப்ளமோ, கம்ப்யூட்டர் பிரிவு)



"அண்ணே, ஆன்டிவைரஸ் போட்டதிலிருந்து சிஸ்டம் மாட்டிக்குது." நம் ஆலங்காயத்திலோ வாணியம்பாடியிலோ ஒரு கம்ப்யூட்டர் கடையில் போய் இப்படிச் சொல்லிப் பாருங்கள். பெரும்பாலும் கிடைக்கும் பதில் ஒன்றுதான்: "ஃபார்மட் போட்டுடலாம்." நெட் வரவில்லையா? ஃபார்மட். பிரிண்டர் ஓடவில்லையா? ஃபார்மட். நீல ஸ்கிரீன் வந்ததா? கேட்கவே வேண்டாம், ஃபார்மட்தான்! தலைவலிக்கும் கால்வலிக்கும் ஒரே ஊசி போடும் டாக்டரிடம் நாம் போவோமா? கம்ப்யூட்டரை மட்டும் ஏன் அப்படி ஒப்படைக்கிறோம்?

கடைக்காரர்களைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. நாளைக்கு அந்த நாற்காலியில் உட்காரப் போவது நாம்தான். இன்றைக்கே பாதி உட்கார்ந்துவிட்டோம். எங்கள் வீட்டில் பத்தாவதைத் தாண்டிப் படிக்கிற முதல் ஆள் நான். அதனால் சொந்தக்காரர் வீட்டில் கம்ப்யூட்டர் நின்றாலும், தெருவில் லேப்டாப் நின்றாலும், "கம்ப்யூட்டர் படிக்கிற புள்ளயாச்சே, கொஞ்சம் வந்து பாரேன்" என்று கூப்பிடுகிறார்கள். உங்களில் பலருக்கும் இதே கதைதான் என்று எனக்குத் தெரியும். அப்படி நம்பிக் கூப்பிடுகிறவரிடம் நாமும் அதே ஒற்றைப் பதிலைச் சொன்னால், மூன்று வருஷம் டிப்ளமோ படித்து என்ன பயன்? என் கருத்து இதுதான்: ஃபார்மட் என்பது கடைசி மருந்து. அதை முதல் மருந்தாகக் கொடுப்பதை நம் தலைமுறையாவது நிறுத்த வேண்டும்.

வாசலில் இரண்டு வாட்ச்மேன்

முதலில் ஆன்டிவைரஸ் போட்டவுடன் ஏன் தொல்லை வருகிறது என்று பார்ப்போம். ஆன்டிவைரஸ் என்பது வேர்டு, எக்ஸெல் மாதிரி மேலே ஓடுகிற சாதாரண சாஃப்ட்வேர் இல்லை. நீங்கள் ஒரு ஃபைலைத் திறக்கும்போதெல்லாம் "நில், சோதனை போட வேண்டும்" என்று நடுவில் வந்து நிற்கும். அதற்காகத் தன் டிரைவர்களை ஆப்பரேட்டிங் சிஸ்டத்தின் கருவறையான கெர்னல் வரைக்கும் கொண்டுபோய் வைத்திருக்கும். அங்கே ஒரு சின்னத் தப்பு நடந்தாலும் மொத்த கம்ப்யூட்டரும் படுத்துவிடும்.

சரி, இப்படிப்பட்ட வாட்ச்மேன் இரண்டு பேரை ஒரே வாசலில் நிறுத்தினால் என்ன ஆகும்? ஒருவர் சோதனை போடத் திறந்த ஃபைலை இன்னொருவர் "நீ ஏன் திறந்தாய்?" என்று மறுபடி சோதனை போடுவார். ஒருவர் பிடித்து அடைத்த வைரஸைப் பார்த்து இன்னொருவர் "ஐயோ வைரஸ்" என்று கூச்சல் போடுவார். இந்தச் சண்டையில் ஹார்ட் டிஸ்க்கின் உபயோகம் 100 சதவீதத்தில் போய் நிற்கும். 2011இல் தமிழக அரசு தொடங்கிய இலவச லேப்டாப் திட்டத்தில் அண்ணன்மார், அக்காமார் வாங்கிய பழைய லேப்டாப்கள் நம் ஊர்ப் பக்கம் இன்னும் சில வீடுகளில் ஓடிக்கொண்டிருக்கின்றன. அந்தக் கொஞ்சம் ராமில் இரண்டு ஆன்டிவைரஸ் போட்டால் மாட்டு வண்டியில் லாரி லோடு ஏற்றின கதைதான்.

இதில் வேடிக்கை, முதல் வாட்ச்மேன் ஏற்கெனவே வீட்டிலேயே இருக்கிறார். 2012இல் வந்த விண்டோஸ் 8 முதற்கொண்டு, விண்டோஸ் 10, 11 வரை எல்லாவற்றிலும் டிஃபெண்டர் என்ற ஆன்டிவைரஸை மைக்ரோசாஃப்ட் கூடவே கொடுத்துவிடுகிறது. நாம் வெளியிலிருந்து ஒன்றைப் போட்டால் டிஃபெண்டர் ஒதுங்கி வழிவிடும். ஆகவே ஒன்று போட்டால் பெரிய ஆபத்து இல்லை. இரண்டாவதாக இன்னொன்றைப் போடும்போதும், புது லேப்டாப்போடு வந்த மூன்று மாத ட்ரையல் முடிந்து அப்படியே கிடக்க, அதன் தலைமேல் இலவசம் ஒன்றை ஏற்றும்போதும்தான் கலகம் ஆரம்பிக்கிறது.

உலகமே நின்ற ஒரு நாள்

ஆன்டிவைரஸே கம்ப்யூட்டரைப் படுக்க வைத்த சம்பவங்கள் நம் தெருவில் மட்டும் நடப்பவை அல்ல. இலவசப் பதிப்புக்குப் பேர்போன ஏவிஜி, 2008 நவம்பரில் அனுப்பிய ஒரு அப்டேட், விண்டோஸ் எக்ஸ்பியின் உயிர்நாடியான 'யூசர்32' ஃபைலையே ட்ரோஜன் என்று காட்டிக்கொடுத்தது. அதை நம்பி அழித்தவர்களின் கம்ப்யூட்டர்கள் மறுபடி பூட் ஆகவில்லை. 2010 ஏப்ரல் 21 அன்று மெக்காஃபியின் அப்டேட் எக்ஸ்பியின் 'எஸ்விசிஹோஸ்ட்' ஃபைலை வைரஸ் என்று எண்ணிப் பிடித்தது. பல நாடுகளில் அலுவலகங்கள், கல்லூரிகள், ஆஸ்பத்திரிகளில் கம்ப்யூட்டர்கள் தானாக ரீஸ்டார்ட் ஆகிக்கொண்டே இருந்தன.

இவற்றையெல்லாம் தூக்கிச் சாப்பிட்டது 2024 ஜூலை 19. கிரவுட்ஸ்ட்ரைக் என்ற அமெரிக்க நிறுவனத்தின் பாதுகாப்பு சாஃப்ட்வேர் இலவசம் இல்லை, பெரிய கம்பெனிகள் காசு கொட்டி வாங்குவது. அன்று நம் நேரப்படி காலை 9.39க்கு ஒரு அப்டேட் போனது. தப்பு தெரிந்து 10.57க்குத் திருப்பி எடுத்துக்கொண்டார்கள். மொத்தம் 78 நிமிடம்! அதற்குள் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கம்ப்யூட்டர்கள் நீல ஸ்கிரீன் ஆகிவிட்டன என்று மைக்ரோசாஃப்ட் கணக்குச் சொன்னது. விமானங்கள் நின்றன. நம் நாட்டு விமான நிலையங்களில் போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள்.

காரணம் என்ன தெரியுமா? சி லேபில் முதல் மாதமே நமக்குச் சொல்லிக்கொடுக்கிற பாடம்! அந்த நிறுவனமே 2024 ஆகஸ்டில் வெளியிட்ட அறிக்கைப்படி, ப்ரோக்ராமுக்கு வந்து சேர்ந்த மதிப்புகள் 20. அப்டேட்டோ 21ஆவது ஒன்றையும் படிக்கச் சொன்னது. இருபது அறை உள்ள அரேயில் இருபத்தொன்றாவது அறைக்குப் போனால் என்ன ஆகும்? அதுதான் ஆனது. லேபில் நடந்தால் ப்ரோக்ராம் மட்டும் நிற்கும். இது கெர்னலுக்குள் நடந்ததால் கம்ப்யூட்டரே நின்றது.

இப்போது நான் சொல்ல வந்த விஷயத்துக்கு வருகிறேன். அந்த 85 லட்சம் கம்ப்யூட்டர்களையும் ஃபார்மட்டா போட்டார்கள்? இல்லை! சேஃப் மோடில் போய் ஒரே ஒரு ஃபைலை அழித்துவிட்டு ரீஸ்டார்ட் செய்யச் சொன்னார்கள். ஏவிஜி, மெக்காஃபி விஷயத்திலும் காணாமல் போன ஃபைலைத் திருப்பி வைப்பதுதான் வைத்தியமாக இருந்தது. உலகத்தையே நிறுத்திய கோளாறுக்கு ஒரு ஃபைலை அழித்தால் போதும் என்றால், நம் தெருக் கோளாறுக்கு மொத்த டிஸ்க்கையும் அழிக்க வேண்டுமா? சிந்தியுங்கள்!

காக்கை உட்கார, பனம்பழம் விழ

எங்கள் தெருப் பக்கம் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் ஒரு அண்ணனின் கதையைச் சொல்கிறேன். தோல் ஷாப்பு, ஷூ கம்பெனி வேலைக்குப் போகிறவர்கள் ஆதார், ரேஷன் கார்டு, பி.எஃப். காகிதம் என்று அவரிடம்தான் ஸ்கேன் எடுப்பார்கள். அடுத்த முறை அலைய வேண்டாம் என்று ஒவ்வொருவர் பேரிலும் ஒரு ஃபோல்டர் போட்டு வைத்திருந்தார். ஒரு நாள் இலவச ஆன்டிவைரஸ் ஒன்றைப் போட்டு முழு ஸ்கேன் ஓட விட்டிருக்கிறார். அன்றிலிருந்து கம்ப்யூட்டர் நத்தை மாதிரி ஊர்ந்தது. வெளியூர் கடை ஒன்றில் கொடுத்தார். ஃபார்மட் போட்டுக் கொடுத்தார்கள். ஆறு வருஷ ஃபோல்டர்கள் போயின. அவர் மகளின் முதல் பிறந்தநாள் போட்டோக்களும் போயின.

சரி, கம்ப்யூட்டராவது சரியானதா? ஒரு வாரம் கழித்து என்னைக் கூப்பிட்டு, "இன்னா தம்பி இது, மறுபடியும் அப்படியேதான் ஓடுது" என்றார். டிஸ்க்கின் உடல்நிலையைக் காட்டும் 'கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ' என்ற இலவச சாஃப்ட்வேரை ஓட விட்டுப் பார்த்தேன். எச்சரிக்கை நிறமான மஞ்சளில் காட்டியது. ஹார்ட் டிஸ்க்கில் செக்டார்கள் கெட்டுப்போயிருந்தன. உண்மையில் டிஸ்க் ஏற்கெனவே சாகக் கிடந்தது. முழு ஸ்கேன் என்பது டிஸ்க்கில் உள்ள ஃபைல்களையெல்லாம் ஒன்று விடாமல் படிப்பது. ஆகவே யாரும் தொடாத கெட்ட இடங்களையும் அது தொட்டுவிட்டது. காக்கை உட்கார்ந்தது, பனம்பழம் விழுந்தது. பழி காக்கை மேல்! ஆன்டிவைரஸுக்குப் பின்னால் வந்த கோளாறெல்லாம் ஆன்டிவைரஸால் வந்த கோளாறு ஆகாது.

டிஸ்க்கை மாற்றினார், கம்ப்யூட்டர் சரியானது. போன ஃபோல்டர்கள் போனதுதான். அந்தக் காகிதங்களுக்காக ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு மறுபடி வந்து நின்றவர்களை நான் பார்த்தேன். காரணம் தேட ஒரு அரை மணி நேரம் செலவழித்திருந்தால், சாகப் போகிற டிஸ்க்கிலிருந்து முதலில் எல்லாவற்றையும் காப்பி எடுத்திருக்கலாம்.

தேடுவதற்கும் ஒரு ஒழுங்கு

தோல் ஷாப்பில் சரக்கில் கறை விழுந்தால் அனுபவமுள்ள மேஸ்திரி எல்லாத் தோலையும் தூக்கிக் குப்பையில் போடுவதில்லை. எந்த டிரம்மில் போட்டது, என்றைக்குப் போட்டது, அன்றைக்கு மருந்தில் என்ன மாறியது என்று கேட்பார். திருக்குறளில் மருந்துக்கென்றே 95ஆம் அதிகாரம் இருக்கிறது. அதிலும் நோய் எது, அது எதனால் வந்தது என்று பார்த்த பிறகே சிகிச்சைக்குப் போகிறார் வள்ளுவர். நம் துறைக்கும் அதே ஒழுங்குதான். நான் கடைப்பிடிக்கும் வரிசையைச் சொல்கிறேன். உங்களிடம் இதைவிட நல்லது இருந்தால் எனக்கும் சொல்லுங்கள்.

ஒன்று, கையை வைப்பதற்கு முன் காதைக் கொடுங்கள். "கடைசியாக நன்றாக ஓடியது என்றைக்கு? அதற்குப் பிறகு என்ன போட்டீர்கள்?" என்ற இரண்டு கேள்வியில் பாதி வேலை முடிந்துவிடும். நீல ஸ்கிரீனில் வரும் ஸ்டாப் கோடை அப்படியே நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள்.

இரண்டு, முதலில் காப்பி. விண்டோஸ் எழுந்திருக்கவே மறுத்தாலும் பயமில்லை. லினக்ஸ் ஏற்றிய ஒரு பென் டிரைவில் பூட் செய்தால் உள்ளே இருக்கும் ஃபைல்கள் தெரியும். வேறு டிஸ்க்குக்கு எடுத்துவிடலாம். ஆனால் சில புது லேப்டாப்களில் டிஸ்க் பூட்டியிருக்கும். அதற்கு 48 இலக்க மீட்புச் சாவி வேண்டும். கம்ப்யூட்டர் நன்றாக இருக்கும்போதே அதை ஒரு காகிதத்தில் எழுதி வீட்டு பீரோவில் வைக்கச் சொல்லுங்கள்.

மூன்று, சேஃப் மோட். ஷிஃப்ட் பட்டனை அழுத்திக்கொண்டே ரீஸ்டார்ட் கொடுத்தால் விண்டோஸ் 10, 11இல் வழி திறக்கும். சேஃப் மோடில் கம்ப்யூட்டர் நன்றாக ஓடுகிறது என்றால் பெரும்பாலும் விண்டோஸ் மேல் குற்றமில்லை. நாம் மேலே ஏற்றிய ஏதோ ஒன்றுதான் இடிக்கிறது.

நான்கு, ஆன்டிவைரஸை முறையாக எடுங்கள். கன்ட்ரோல் பேனலில் அன்இன்ஸ்டால் கொடுத்தாலும் அதன் டிரைவர்கள் சில சமயம் உள்ளேயே ஒட்டிக்கொண்டிருக்கும். இதற்காகவே பெரிய ஆன்டிவைரஸ் நிறுவனங்கள் தனியாக ஒரு நீக்கும் கருவியைத் தம் தளத்திலேயே இலவசமாகக் கொடுக்கின்றன. அதை சேஃப் மோடில் ஓட்ட வேண்டும். பழைய ரீஸ்டோர் பாயின்ட் இருந்தால் சிஸ்டம் ரீஸ்டோரும் கைகொடுக்கும்.

ஐந்து, அப்படியும் தெரியவில்லையா? பாதிப் பாதியாகப் பிரியுங்கள். எம்எஸ்கான்ஃபிக்கில் மைக்ரோசாஃப்ட் சர்வீஸ்களை மறைத்துவிட்டு, மீதியில் பாதியை நிறுத்தி ரீஸ்டார்ட் செய்யுங்கள். கோளாறு போனால் குற்றவாளி நிறுத்திய பாதியில், போகாவிட்டால் ஓடுகிற பாதியில். பதினாறு சர்வீஸ் இருந்தால் நான்கே தடவையில் ஆள் அகப்படுவான். பைனரி சர்ச் என்று பரீட்சைக்கு மனப்பாடம் செய்தோமே, அதுதான் இது!

இன்னும் சில சில்லறைத் தொல்லைகள் உண்டு. ஆன்டிவைரஸ் போட்ட பிறகு எந்த வெப்சைட்டும் பாதுகாப்பு இல்லை என்று பிரவுசர் சொல்கிறதா? சில ஆன்டிவைரஸ்கள் நடுவில் உட்கார்ந்து, பூட்டி வரும் கவரைப் பிரித்துப் பார்த்து, தன் முத்திரையை ஒட்டி அனுப்பும். அந்த முத்திரையை பிரவுசர் ஏற்கவில்லை என்றால் இப்படி வரும். செட்டிங்கில் அந்தச் சோதனையை மட்டும் நிறுத்திப் பாருங்கள். அதற்கும் முன்னால் கீழே மூலையில் தேதியைப் பாருங்கள்! மதர்போர்டில் இருக்கும் காசு மாதிரியான 2032 பேட்டரி தீர்ந்து போய், கம்ப்யூட்டர் பழைய வருஷத்தைக் காட்டிக்கொண்டிருந்தாலும் இதே பிழைதான் வரும். பேட்டரிக்குச் சில்லறைக் காசு, பழி ஆன்டிவைரஸுக்கு!

நாம் சி லேபில் எழுதிய ப்ரோக்ராமை வீட்டில் கம்பைல் செய்தவுடன் ஈஎக்ஸ்ஈ ஃபைல் மாயமாகிறதா? அந்த ஃபைலை உலகத்தில் இதுவரை யாரும் பார்த்ததில்லை, எந்த நிறுவனத்தின் கையெழுத்தும் அதில் இல்லை. அதனால் சந்தேகக் கேஸில் உள்ளே வைத்திருக்கும். குவாரன்டைன் போய் மீட்டு, அந்த ஒரு ஃபோல்டருக்கு மட்டும் விலக்குக் கொடுங்கள். இதற்காக ஆன்டிவைரஸையே அணைத்து வைப்பது, கொசு வருகிறது என்று கதவைக் கழற்றி வைத்த கதை.

இலவசம் யார் காசில்?

"அப்படின்னா இலவச ஆன்டிவைரஸே வேண்டாமா?" என்று கேட்கலாம். பாதுகாப்பு வேண்டாம் என்று நான் சொல்லவே இல்லை. 2017 மே 12 அன்று வான்னாக்ரை உலகத்தைப் பூட்டியபோது, ஆந்திரப் போலீசின் கம்ப்யூட்டர்களும் மாட்டின. நமக்குப் பக்கத்து சித்தூர் மாவட்டமும் அதில் உண்டு. அந்த ஓட்டையை அடைக்கும் அப்டேட்டை மைக்ரோசாஃப்ட் அதே ஆண்டு மார்ச்சிலேயே கொடுத்திருந்தது. போட்டவர்கள் தப்பினார்கள். ஆகவே முதல் பாதுகாப்பு அப்டேட், இரண்டாவதுதான் ஆன்டிவைரஸ். விண்டோஸ் 10க்கு வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14உடன் முடிந்துவிட்டது என்பதையும் நினைவில் வையுங்கள்.

ஆனால் இலவசம் என்று வரும்போது ஒரு கேள்வி கேட்கத்தான் வேண்டும். அவாஸ்ட் என்ற புகழ்பெற்ற இலவச ஆன்டிவைரஸ், தன் உபயோகிப்பாளர்கள் எந்தெந்தத் தளத்துக்குப் போனார்கள் என்ற விவரத்தை ஜம்ப்ஷாட் என்ற தன் துணை நிறுவனம் மூலம் விற்று வந்தது. 2020 ஜனவரியில் பத்திரிகைகளில் விஷயம் வெடித்ததும் ஜம்ப்ஷாட்டை மூடினார்கள். 2024 பிப்ரவரியில் அமெரிக்க வர்த்தக ஆணையம் 1 கோடியே 65 லட்சம் டாலர் கட்டச் சொன்னது. இப்படி வாட்ச்மேனே வீட்டுச் செய்தியை வெளியில் விற்றால் என்ன செய்ய?

இதைவிட மோசம் போலி ஆன்டிவைரஸ். "உங்கள் கம்ப்யூட்டரில் வைரஸ்! உடனே பணம் கட்டுங்கள்!" என்று ஸ்கிரீனில் குதிப்பவை. இப்படிப் பயமுறுத்திப் பத்து லட்சம் பேருக்கு மேல் ஏமாற்றிய ஒரு கும்பல் வழக்கில் 2012இல் அமெரிக்க நீதிமன்றம் 16 கோடியே 30 லட்சம் டாலர் விதித்தது. நம் ஊரில் அப்படி யாராவது பணத்தைப் போட்டுவிட்டால், தாமதிக்காமல் 1930க்குப் போன் செய்யச் சொல்லுங்கள்.

நிஜமாகவே இலவசமாக, நம்பி எடுக்க வேறு இடம் இல்லையா என்றால், இருக்கிறது. மத்திய அரசின் செர்ட்-இன் அமைப்பு 2017 பிப்ரவரியில் 'சைபர் ஸ்வச்சதா கேந்திரா' என்ற மையத்தைத் தொடங்கி, வைரஸ் நீக்கும் கருவிகளைப் பொதுமக்களுக்கு இலவசமாகக் கொடுக்கிறது. இது நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்?

நேரம் யார் கொடுப்பது?

இதைக் கடைக்கார அண்ணன் ஒருவரிடம் பேசினேன். "தம்பி, ஃபார்மட்டுக்குக் காசு தர்றான். காரணம் கண்டுபிடிச்சதுக்கு எவன் காசு தர்றான்? நீ காலேஜ் புள்ள, பேசுவ" என்றார். அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஒரு நாளைக்குப் பத்து மெஷின் வரும் கடையில் ஒவ்வொன்றுக்கும் அரை நாள் உட்கார முடியாது. நிஜமாகவே ஆழமாக வைரஸ் புகுந்துவிட்ட கம்ப்யூட்டரில் ஃபார்மட் போடுவதுதான் சரியான வழி என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அதற்கு முன்னால் காப்பி எடுத்தோமா, டிஸ்க்கின் உடல்நிலையைப் பார்த்தோமா என்ற இரண்டு கேள்விக்கு அரை நாள் தேவையில்லை.

அவருக்கு என் இன்னொரு பதில் புனேயில் இருக்கிறது. கைலாஷ் கட்கர் என்பவர் பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தி, கால்குலேட்டர் ரிப்பேர் வேலைக்குப் போனவர். பிறகு சொந்தமாக ரிப்பேர் கடை வைத்தார். கம்ப்யூட்டர் படித்துக்கொண்டிருந்த தம்பி சஞ்சய், கடைக்கு வந்த மெஷின்களை வைரஸ் பாடாய்ப் படுத்துவதைக் கண்டு, அதை நீக்கும் ப்ரோக்ராம்களைத் தானே எழுத ஆரம்பித்தார். அதுதான் 1995 வாக்கில் குவிக் ஹீல் ஆனது. 2016இல் அந்தக் கம்பெனி பங்குச் சந்தைக்கே போனது. நம் சென்னையிலும் 1991 முதல் கே7 என்ற ஆன்டிவைரஸ் கம்பெனி இருக்கிறது. ரிப்பேர் கடையில் "ஏன்?" என்று கேட்ட ஒரு தம்பி எங்கே போய் நின்றார் பார்த்தீர்களா? நமக்கும் அந்தக் கேள்வியைக் கேட்க யாரும் தடை போடவில்லை.

நம் சங்கம் என்ன செய்யலாம்?

மாணவர் சங்கத்துக்கு மூன்று யோசனைகளை முன்வைக்கிறேன். முதலாவது, ஹார்ட்வேர் லேபில் வாரம் ஒரு மணி நேரம் 'கோளாறு வகுப்பு' கேட்போம். சார் ஒரு மெஷினில் ஒரு கோளாறை ஒளித்து வைக்கட்டும், நாம் கண்டுபிடிக்கிறோம். ஃபார்மட் போட்டால் மார்க் கிடையாது! இரண்டாவது, லேபில் ஒரு பெரிய நோட்டுப் போடுவோம். என்ன கோளாறு, கடைசியாக என்ன மாற்றப்பட்டது, என்னென்ன செய்து பார்த்தோம், காரணம் எது என்று ஒவ்வொருவரும் எழுத வேண்டும். நமக்குப் பின்னால் வரும் ஜூனியர்களுக்கு எந்தப் புத்தகத்திலும் கிடைக்காத பாடம் அது. மூன்றாவது, மாதம் ஒரு சனிக்கிழமை ஊர் மக்களுக்கு இலவசப் பழுது பார்க்கும் முகாம். ஷூ கம்பெனியில் அப்பர் தைத்துப் பிள்ளையைப் படிக்க வைக்கும் ஒரு அம்மா, மகளின் ப்ராஜெக்ட் இருக்கும் லேப்டாப்பைப் பயமில்லாமல் கொண்டுவந்து கொடுக்கட்டும். அந்த முகாமில் ஒரே ஒரு சட்டம்தான்: காப்பி எடுக்காமல் யாரும் எதையும் அழிக்கக் கூடாது.

இதற்குப் பணம் பெரிதாகத் தேவையில்லை. லினக்ஸ் ஏற்றிய இரண்டு பென் டிரைவ், காப்பி எடுக்க ஒரு வெளி ஹார்ட் டிஸ்க், ஒரு நோட்டு, நான்கு நாற்காலி போதும். வரும் கல்வியாண்டின் முதல் சங்கக் கூட்டத்தில் இதைத் தீர்மானமாக முன்மொழிய இருக்கிறேன். ஒத்துக்கொள்ளும் நண்பர்கள் கை தூக்குங்கள். ஒத்துக்கொள்ளாதவர்கள் தாராளமாக எதிர்த்துப் பேசுங்கள், ஆனால் காரணத்தோடு வாருங்கள்!